லயத்து விளக்கும் ஆட்சியாளர் கணக்கும்

ஏழை வீட்டு விளக்கைப் பற்றி எழுதுவதும் அரசியலா என்று கேட்போர் உண்டு. ஆம், அரசியலேதான் என்பது நமது விடை. அந்த விளக்கில் ஊற்றும் எண்ணெயின் விலையைக் கொழும்பில் கூடும் ஆட்சியாளர் தீர்மானிக்கின்றனர். அதை வாங்கும் கூலியைச் சம்பளச் சபையும் கம்பெனிகளும் தீர்மானிக்கின்றன. அது எரியும் அறையின் நீள அகலத்தை வெள்ளைத் துரைமார் அன்றே தீர்மானித்துவிட்டுப் போய்விட்டனர். இன்றிரவு விளக்கேற்றுவதா வேண்டாமா என்ற ஒன்றை மட்டுமே தோட்டத் தொழிலாளி தானாகத் தீர்மானிக்க முடிகிறது.

ஊவா மாகாணத்தில் மின்கம்பி எட்டாத தோட்டங்கள் இன்று குறைவு என்பது உண்மை. ஆயினும் பசறையிலும் மடுல்சீமையிலும், நமுனுகுலையிலும் லுணுகலையிலும், அப்புத்தளை மலைச்சரிவுகளிலும் உள்ள லயங்களுக்குச் சென்று பார்ப்போர் கண்ணுக்கு, அடுப்பங்கரை மூலையில் மண்ணெண்ணெய்ப் போத்தல் தென்படாமற் போகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஊறிய விறகைப் பற்றவைக்க அது வேண்டும். கட்டணம் கட்ட இயலாமல் மின்சாரம் துண்டிக்கப்பட்ட வீட்டுக்கு அது வேண்டும். காற்றிலும் மண்சரிவிலும் கம்பம் சாய்ந்த இரவில் எல்லா வீட்டுக்குமே அது வேண்டும்.

2022 மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீடித்ததை நாடு மறந்திருக்காது. அவ்வாண்டு ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோது, மண்சரிவுகளால் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. இத்தகைய ஒவ்வொரு துன்பத்தின்போதும் மலைநாடு திரும்பிச் செல்லும் இடம் மண்ணெண்ணெய் விளக்குத்தான். ஆகவே “அது பழைய காலத்துப் பொருள், இனி எவருக்கு வேண்டும்” என்று பேசுவோர் லயத்து இரவை அறியாதோரே.

எண்ணெய்க்குக் கொடுத்த தேயிலை

2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏற்றப்பட்டது. ஊவாத் தேயிலை தன் தனி மணத்தைப் பெற்று உலகச் சந்தையில் சிறந்த விலைக்குப் போகும் பருவம் அது. அந்தத் தேயிலையைப் பறித்துக் கொடுத்தவர்களின் நாட்கூலி, 2021 மார்ச்சு மாத வர்த்தமானியின்படி 1,000 ரூபா. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர் போடும் வழக்கமும் தோட்டங்களில் உண்டு என்பதைச் சேர்த்துக்கொண்டால், முழுப்பேர் வாங்கியவருக்கே ஒரு லீற்றர் எண்ணெய் நாட்கூலியில் மூன்றிலொரு பங்குக்கும் மேலாயிற்று. முன்னர் அது பத்திலொரு பங்குக்கும் குறைவாக இருந்தது. அதன் பின்னர் விலை ஏறியும் இறங்கியும் வந்துள்ளது. கூலியும் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக உயர்ந்தது. ஆயினும் 87 ரூபாக் காலம் திரும்பவில்லை.

அரசாங்கம் சொன்ன காரணம் என்ன? அடக்கவிலைக்கும் விற்பனை விலைக்கும் இடையில் பெரும் வித்தியாசம் இருந்தது. கூட்டுத்தாபனம் நட்டத்தில் மூழ்கியது. மலிவு மண்ணெண்ணெயைச் சிலர் டீசலில் கலந்தனர் என்பனவே அவை. இவற்றில் உண்மை இல்லையென்று நாம் வாதிடவில்லை. கலந்தவன் யார், கலப்பால் கொழுத்தவன் யார் என்றே கேட்கிறோம். லாபத்துக்காகக் கலந்தவனைப் பிடிக்க இயலாத அரசாங்கம், அரைப் போத்தல் வாங்க வந்த கிழவியைத் தண்டித்தது. வறியோருக்கும் தோட்டத்துறைக்கும் மீனவருக்கும் தனியே நிவாரணம் தரலாம் என்ற பேச்சும் அப்போது எழுந்தது. நிவாரணம் என்பது விலையேறும் அன்றைக்கே கைக்கு வந்து சேர வேண்டியது. விலை நள்ளிரவில் வருகிறது, நிவாரணம் மட்டும் ஏன் குழுக்களையும் படிவங்களையும் கடந்து வரவேண்டும்?

இன்னொரு கணக்கையும் வாசகர் முன் வைக்க விரும்புகிறோம். முன்னர் ஈரானிடமிருந்து வாங்கிய எண்ணெய்க்காகச் சுமார் 251 மில்லியன் டொலர் கடன் நிலுவையில் நின்றது. மாதந்தோறும் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையை அனுப்பி அதனைத் தீர்ப்பதென 2021 டிசம்பரில் உடன்பாடு செய்யப்பட்டது; 2023இல் அனுப்புதல் தொடங்கியது. அத்தேயிலையில் தாழ்நிலச் சிறுதோட்டக்காரரின் பங்கும் உண்டு, மலைநாட்டுத் தொழிலாளியின் பங்கும் உண்டு. நாட்டின் எண்ணெய்க் கடனைக் கொழுந்து கொடுத்து அடைத்தவர்கள், தமது விளக்குக்கு எண்ணெய் கேட்கும்போது அதைச் சலுகை என்று அழைப்பது நியாயமாகுமா? கொடுத்ததில் ஒரு துளியைத் திருப்பிக் கேட்பது சலுகை ஆகாது.

எண்ணெயின் இயல்பை அறிவோம்

விலையைப் பற்றியாவது பேச ஆளுண்டு. இந்த எண்ணெய் எத்தகையது, அதை எப்படிக் கையாள வேண்டும் என்பதைத் தோட்டத்து மக்களுக்கு எடுத்துச் சொல்வோர் மிகக் குறைவு. ஆதலால் அதனையும் இங்கு விளக்குவது நமது கடமையாகிறது.

நிலத்தின் ஆழத்திலிருந்து எடுக்கப்படும் கனிய எண்ணெயைச் சூடாக்கி வடிக்கும்போது, கொதிநிலைக்கு ஏற்ப அது பலவாகப் பிரிகிறது. முதலில் வாயு, அடுத்துப் பெற்றோல், பின்னர் மண்ணெண்ணெய், அதன் பின் டீசல், அதற்கப்பால் இயந்திர எண்ணெய்கள், மெழுகு, தார் என்று போகும். குழந்தைகளின் உடலில் பூசும் நிறமற்ற எண்ணெயும், தையல் இயந்திரத்துக்கு இடும் எண்ணெயும், வஸலினும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. மிக நன்றாகச் சுத்திகரிக்கப்பட்டதால் மட்டுமே அவை தோலுக்கு ஆகின்றன. மண்ணெண்ணெய் ஏறக்குறைய 150 முதல் 300 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் வடிவது. வானில் பறக்கும் ஜெற் விமானத்தின் எரிபொருளும் இதே இனம்தான்.

மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் உள்ள வேறுபாடு உயிரைப் பற்றியது. ஓர் எண்ணெயிலிருந்து எழும் ஆவி, நெருப்பைக் கண்டதும் பற்றிக்கொள்வதற்குத் தேவையான ஆகக்குறைந்த வெப்பநிலை ஒன்று உண்டு. மண்ணெண்ணெய்க்கு அது ஏறத்தாழ 38 பாகையும் அதற்கு மேலும் ஆகும். பெற்றோலுக்கோ அது பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையளவில் நிற்கிறது. ஆகவே அப்புத்தளைக் குளிரிலும் பெற்றோல் ஆவி பற்றிக்கொள்ளும். நல்ல மண்ணெண்ணெய் திரியின்றி எளிதில் பற்றாது. ஆனால் மண்ணெண்ணெயில் சிறிதளவு பெற்றோல் கலந்துவிட்டாலும் அந்தப் பாதுகாப்பு அழிந்துவிடுகிறது. பெற்றோல் இருந்த கானைக் கழுவாமல் அதிலேயே மண்ணெண்ணெய் வாங்கி வருவதும் கலப்படமே. விளக்கு வெடித்தது என்று நாம் கேள்விப்படும் துயரங்களில், இவ்வகைக் கலப்பைச் சந்தேகிக்காமல் இருக்க முடியாது.

கலப்பில்லாத எண்ணெயும் சூடேறினால் ஆபத்தானதே. எரியும் விளக்கை அணைக்காமல் எண்ணெய் ஊற்றக்கூடாது. அடுப்பையும் அணைத்து, ஆறவிட்டே நிரப்ப வேண்டும். தணல் கனிந்துகொண்டிருக்கும் அடுப்பில் விறகு பிடிக்கவில்லை என்று போத்தலைச் சரித்து ஊற்றுவது மிகக் கொடியது. தணலின் சூட்டில் எண்ணெய் நொடியில் ஆவியாகி, எரியும் சுவாலை ஊற்றியவரின் கையையும் சேலையையும் பற்றிக்கொள்கிறது. ஈர விறகை அடுப்புக்கு மேலே பரண் கட்டி உலர்த்தும் பழைய வழக்கம், அறிவில்லாதவர் கண்ட வழக்கமன்று.

எண்ணெய் தண்ணீரை விட இலேசானது. தண்ணீரின் மேல் மிதக்கும். எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் நெருப்பும் மிதந்து பரவும். நனைத்துப் பிழிந்த சாக்கினால் மூடியோ, மணலைக் கொட்டியோ காற்றைத் தடுப்பதே வழி. உடையில் தீப்பிடித்தவர் ஓடக்கூடாது. நிலத்தில் உருள வேண்டும். சுட்ட இடத்தில் பற்பசையோ எண்ணெயோ தடவாமல், 20 நிமிடம் வரை சுத்தமான குளிர்ந்த நீரை ஓடவிட்டு, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

குளிர்பானப் போத்தலில் மண்ணெண்ணெய் வைக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடல் வேண்டும். நிறமற்ற அந்தத் திரவத்தைத் தண்ணீர் என்று நினைத்துக் குழந்தை வாய் வைத்துவிடும். அப்போது பதறி, விரலை விட்டு வாந்தி எடுக்கச் செய்வோர் பலர். அது பெருந்தவறு. மண்ணெண்ணெயின் கேடு வயிற்றில் இருப்பதைவிட நுரையீரலில் அதிகம். அது மெல்லிய திரவமாதலால் வாந்தியின்போது மூச்சுக்குழாய்க்குள் எளிதில் இறங்கி நுரையீரலை அழற்றிவிடும். வாந்தி எடுக்கச் செய்யாமலும், எதையும் புகட்டாமலும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய இடம் வைத்தியசாலையே. பேன் சாவதற்காகப் பெண்பிள்ளைகளின் தலையில் மண்ணெண்ணெய் தேய்த்து அடுப்பருகே உட்காரவைப்பதும் இத்தகைய அறியாமையே.

புகையையும் மறந்துவிடலாகாது. திரிவிளக்கில் எரியும் மண்ணெண்ணெயில் 7 முதல் 9 சதவீதம் வரை கரும்புகைக் கரியாகவே வெளியேறுகிறது என்று 2012ஆம் ஆண்டின் ஆராய்ச்சி ஒன்று கண்டறிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டலில், வீடுகளில் மண்ணெண்ணெய் எரிப்பதையே தவிர்க்குமாறு கூறிற்று. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில், குளிருக்காகக் கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு, ஐந்தாறு பேர் உறங்கும் இடத்தில் அந்தக் கரி எங்கே போகும்? பிள்ளை படிக்கும் புத்தகத்திலும், அதன் நுரையீரலிலும்தான். மூடிய அறையில் எண்ணெய் அடுப்பை எரியவிட்டு உறங்கினால், நிறமும் மணமும் அற்ற நச்சுவாயு உறக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடவும் கூடும்.

ஒரு வைத்தியர் காட்டிய வழி

மூடியில் துளையிட்டுத் திரி நுழைத்த வெறும் போத்தலே ஏழையின் குப்பி விளக்கு. உயரமான போத்தல் எளிதில் சரியும். சரிந்தால் மூடி கழன்று எண்ணெய் கொட்டும். கொட்டிய எண்ணெய் பாயிலும் உடையிலும் பற்றும். இந்நாட்டின் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, இவ்வாறு எரிந்து வந்தவர்களைக் கண்டு மனம் நொந்து, 1992 முதல் ஒரு பத்திரமான விளக்கை உருவாக்குவதில் ஈடுபட்டார். குட்டையான, கனமான, தடித்த கண்ணாடி விளக்கு அது. உருண்டோடாதிருக்க இரு பக்கமும் தட்டை. சரிந்தாலும் கழன்றுவிடாத திருகுமூடி. மார்மைற் போத்தலின் வடிவமே அவருக்கு வழிகாட்டிற்று. அம்முயற்சிக்காக 1998இல் அவருக்கு உலகப் புகழ்பெற்ற ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

உலகம் பாராட்டிய அந்த விளக்கு நம் நாட்டில் பிறந்தது. அதன் விலையும் பெரிதன்று. ஆயினும் ஒவ்வொரு லயத்துக்கும் ஒன்று வீதம் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் தோட்டங்களை நடத்துவோருக்குத் தோன்றாததேன்? 1992இல் அரசாங்கம் தோட்டங்களின் நிர்வாகத்தைக் கம்பெனிகளிடம் ஒப்படைத்தது. அன்று கைமாறியவை தேயிலைச் செடிகளும் தொழிற்சாலைகளும் மட்டுமல்ல. லயங்களும், அவற்றில் வாழும் உயிர்களும் சேர்ந்தே கைமாறின. செடிக்கு உரமிடும் கணக்கில் உள்ள அக்கறை, உயிருக்கு விளக்கிடும் கணக்கிலும் இருக்க வேண்டாமா?

தேயிலைக்கு ஒரு வரம்பு, தொழிலாளிக்கு எது?

லயத்தை விட்டுத் தொழிற்சாலைக்குச் சென்றாலும் இதே கதையைக் காணலாம். கொழுந்தை உருட்டும் இயந்திரங்களுக்கும், மின்வெட்டில் ஓடும் டீசல் இயந்திரங்களுக்கும் கனிய எண்ணெய் வேண்டும். இயந்திரத்தைத் துடைப்பவரின் கைகள் பழைய எண்ணெயில் தோய்ந்திருக்கின்றன. இங்கிலாந்தின் லங்காஷயர் நூற்பாலைகளில் எண்ணெய் ஓயாமல் தெறித்ததால் தொழிலாளருக்குத் தோற்புற்றுநோய் கண்டதை 1920களிலேயே வைத்தியர்கள் எழுதிவைத்தனர். சுத்திகரிக்கப்படாத, அரைகுறையாகச் சுத்திகரிக்கப்பட்ட கனிய எண்ணெய்கள் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகமும் வகுத்துள்ளது. கையுறையும், சவர்க்காரமும், எண்ணெய் படிந்த உடையை மாற்றிக்கொள்ள ஓர் இடமும் கொடுப்பதற்கு எந்தக் கம்பெனியும் ஏழையாகிவிடாது.

உணவில் கனிய எண்ணெயின் தீய கூறுகள் கலப்பது பற்றி ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகள் 2022 ஏப்ரலில் ஒரு முடிவுக்கு வந்தன. கொழுப்புக் குறைந்த உலர் உணவில் அக்கூறு ஒரு கிலோவுக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல் காணப்பட்டால், அப்பொருளைச் சந்தையிலிருந்து அகற்ற வேண்டும் என்பதே அது. உண்பவரின் நலம் கருதிய நல்ல முடிவு. நாம் அதை வரவேற்கிறோம். அவர்களது கோப்பையில் ஒரு துளியின் ஆயிரத்திலொரு கூறும் சேரக்கூடாது என்று அளந்து பார்க்கும் உலகம், அந்தத் தேயிலையை உருட்டியவரின் கையில் எவ்வளவு படிந்தது, பறித்தவரின் குழந்தை எவ்வளவு கரியை மூச்சில் இழுத்தது என்று அளந்து பார்க்கவில்லை. அதே 2022இல்தான் அக்குழந்தையின் விளக்கெண்ணெயின் விலை நான்கு மடங்காயிற்று.

நாம் கேட்பது என்ன?

1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் தோன்றியது. அந்நியக் கம்பெனிகளான ஷெல், எஸ்ஸோ, கல்ரெக்ஸ் ஆகியவற்றின் சொத்துக்களை அரசாங்கம் பொறுப்பேற்றபோது அமெரிக்கா சினந்து, 1963 பெப்ரவரியில் உதவியை நிறுத்தியது. அதற்கும் இந்த நாடு அஞ்சவில்லை. எண்ணெய் மக்களுடைய தேவை, அது அந்நியரின் லாபத்துக்கு மட்டும் உரியதாகாது என்பதே அன்றைய வாதம். அந்த வாதம் கொழும்பு வீதிகளில் மட்டும் செல்லுபடியாகி, பதுளை மலைகளில் செல்லாக்காசாகிவிடக்கூடாது.

ஆகவே நாம் கேட்பவை இவை. மின்சாரம் இல்லாத, துண்டிக்கப்பட்ட தோட்டக் குடும்பங்களைக் கணக்கெடுத்து, அவர்களுக்கு மாதந்தோறும் குறிப்பிட்ட அளவு மண்ணெண்ணெயைக் கூட்டுறவுக் கடைகள் வழியாகக் குறைந்த விலையில் வழங்க வேண்டும். சில்லறையாக விற்கப்படும் எண்ணெயில் கலப்பு உண்டா என்று அதிகாரிகள் இடைக்கிடை சோதிக்க வேண்டும். ஒவ்வொரு லயக் குடும்பத்துக்கும் சரியாத விளக்கு ஒன்றும், அடையாளமிட்ட மூடியுள்ள கான் ஒன்றும் கம்பெனிகளின் செலவில் கொடுக்கப்பட வேண்டும். தோட்டப் பாடசாலைகளிலும், பிள்ளைக் காம்பராக்களிலும், பிரட்டுக் களத்திலும் மேலே கூறிய பாதுகாப்பு விதிகளைத் தமிழில் எழுதித் தொங்கவிட வேண்டும். தொழிற்சாலைகளில் கையுறை கட்டாயமாக்கப்பட வேண்டும்.

இவையெல்லாம் இடைக்காலப் பரிகாரங்களே என்பதை நாம் அறிவோம். பத்தடி அறையும் கரிப்புகையும் ஒழிந்து, தனிவீடும், தன் பெயரில் காணியும், கட்டக்கூடிய கட்டணத்தில் மின்சாரமும் கிடைக்கும் நாளே இந்தப் பிரச்சினை முடியும் நாள். ஆயினும் அந்த நாள் வரும்வரை இருட்டில் இருங்கள் என்றோ, எரிந்து சாகுங்கள் என்றோ எவரிடமும் சொல்ல முடியாது.

தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. கூலி உயர்வுக்காக நீங்கள் நடத்தும் பேச்சுவார்த்தைகளை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அடுத்த தடவை கம்பெனிகளின் பிரதிநிதிகளோடு மேசையில் அமரும்போது, கூலிக் கோரிக்கையின் கீழே விளக்கையும் கானையும் கையுறையையும் சேர்த்து எழுதுங்கள். கோடிக் கணக்கில் வரவுசெலவு பேசுவோருக்கு அவை மிகச் சிறிய தொகை. பசறை மலையில் இன்றிரவு விளக்கேற்றப்போகும் தாய்க்கு அது அவளுடைய பிள்ளையின் உயிர்.